ஜி. சுப்பிரமணிய ஐயர்

பத்திரிகைத் தொழிலை நாடும் நம் மாணவர் பலர், எழுதும் ஆற்றல் ஒன்றே போதுமென எண்ணுகின்றனர். ஒத்த நோக்குடையாரோடு சங்கத்திற் கூடுவதன் பயனை அறிய, ஐயரவர்களின் சரித்திரத்தை நோக்குவோமாக.

1855-ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்த அவர், சென்னையில் பள்ளியாசிரியராயிருந்தபொழுது திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சார்ந்தார். முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இகழ்ந்தன. அதற்கு விடையிறுக்க விழைந்த அச்சங்கத்தினர் அறுவர், 1 ரூபாய் 12 அணா கடன்பெற்று, 1878 செப்டம்பர் 20-இல் 'ஹிந்து' பத்திரிகையை 80 பிரதிகள் வெளியிட்டனர். 1882-இல் ஐயர் 'சுதேசமித்திரன்' தொடங்கினார்; 1884-இல் சென்னை மகாஜன சபையை நிறுவியோருள் ஒருவரானார்; 1885-இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொணர்ந்தார்.

1889-இல் கைம்பெண்ணாகிய தம் மகளுக்கு மறுமணம் செய்வித்தபொழுது, உற்றார் பலர் அவரை விலக்கினர். அவரோ கொள்கையினின்று வழுவினாரல்லர். 1898-இல் ஹிந்துவை விட்டு நீங்கி, மறு ஆண்டிலேயே சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். நம் பாவூர்சத்திரத்தை அடுத்த கடையத்துப் பெண்ணை மணம்புரிந்த பாரதியார், 1904-இல் உதவியாசிரியராக அமர்ந்ததும் அவ்விதழிலேயே. 1916-இல் ஐயர் காலமானார்.

மாணவரே, தொழிற்சங்கங்களிற் சேர்மின். ஆயின் மனச்சான்றை அவற்றிடம் அடகு வையாதிருமின். ஐயர் வாழ்வினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் இவ்விரண்டுமே.