படிப்புக்குக் கதவு திறந்த சிஸ்டர் சுப்பலட்சுமி



மெரினா பீச்சுக்குப் பஸ்ஸில் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். காமராஜர் சாலையில் போகும்போது மாநிலக் கல்லூரி வரும். கொஞ்சம் தள்ளி லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அதன் பக்கத்திலேயே வட்டமான முகப்போடு விவேகானந்தர் இல்லம், அதாவது பழைய ஐஸ் ஹவுஸ். இன்னும் கொஞ்ச தூரத்தில் ராணி மேரிக் கல்லூரி. இந்த நாலு கட்டடங்களுக்கும் பொதுவான ஒரு பெண்மணி இருக்கிறார். ஒன்றில் படித்தார். ஒன்றுக்கு முதல் முதல்வராக இருந்தார். ஒன்றில் நிர்க்கதியாக நின்ற சிறுமிகளை வைத்துக் காப்பாற்றினார். ஒன்றுக்கு அந்தச் சிறுமிகளைப் படிக்க அனுப்பினார். அவர்தான் சிஸ்டர் ஆர். எஸ். சுப்பலட்சுமி.

இன்றைக்குப் பிளஸ் டூ அக்காக்கள் அரசு உதவித்தொகை, ஃபீஸ் சலுகை என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, ஏழைப் பெண்ணின் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று நினைத்து, அதை நடத்தியும் காட்டியவர் இவர்.

பிறப்பும் இளமையும்

சுப்பலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், பொதுப்பணித் துறையில் இன்ஜினியர். அம்மா விசாலாட்சி. சொந்த ஊர் தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர்.

அந்தக் கால வழக்கப்படி சுப்பலட்சுமிக்குப் பதினோரு வயசிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. நம்ம ஸ்கூல் கணக்கில் ஆறாம் கிளாஸ் வயசு! கொஞ்ச நாளிலேயே அந்தப் பையன் இறந்துபோனான். கல்யாணம் என்றால் என்னவென்றே புரியாத வயசில் அவர் விதவை.

அப்போது விதவை என்றால் தலையை மழித்துவிடுவார்கள். நல்ல துணி கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்குவார்கள். வாழ்நாள் முழுக்க சமையல்கட்டு மூலைதான். சுப்பலட்சுமியின் பெற்றோர் இதற்குச் சம்மதிக்கவில்லை. மகளின் தலையை மழிக்க விடவில்லை. அவளைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார்கள். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் எதிர்த்தார்கள். அதனால் குடும்பம் சென்னை எழும்பூரில் குடியேறியது. அங்கே சித்தி வாலாம்பாள் துணையாக இருந்தார். அவரும் சின்ன வயசிலேயே கணவனை இழந்தவர்.

முதலில் அப்பா வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு பிரசென்டேஷன் கான்வென்ட்டில் படிப்பு. அங்கே இருந்த கன்னியாஸ்திரிகள் சம்பளம் பார்க்காமல் பிறருக்காக உழைப்பதைப் பார்த்து, நாமும் இப்படி வாழ வேண்டும் என்று சுப்பலட்சுமி நினைத்தார். பின்னாளில் ஊரே அவரை சிஸ்டர் என்று அழைத்தது இதனால்தான். அவர் மதம் மாறவில்லை, துறவியும் ஆகவில்லை. மற்ற பெண்களுக்கு ஒரு அக்காவாக இருந்தார், அவ்வளவுதான்.

மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1911-ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று இவரைச் சொல்வார்கள்.

நாலு பெண்களோடு ஆரம்பம்

பட்டம் வாங்கியதும் வேலைக்குப் போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு வேறு கவலை. தனக்கு நல்ல அப்பா கிடைத்தார், கையில் சம்பளமும் இருந்தது, அதனால் படிக்க முடிந்தது. அப்படி ஓர் அப்பா இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்?

1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு எழும்பூரில் தங்கள் வீட்டிலேயே நாலு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார். எண்ணிக்கை கூடக் கூட வீடு போதவில்லை. திருவல்லிக்கேணியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு குடும்பத்தின் சம்பளத்தையும் நன்கொடையையும் வைத்து எத்தனை பேருக்குச் சோறு போட முடியும்? இங்கேதான் அரசாங்கத்தின் உதவி தேவைப்பட்டது.

அரசாங்கத்துக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. பெண்கள் பள்ளிகளைத் திறந்தால் பாடம் நடத்தப் பெண் ஆசிரியைகள் வேண்டும். ஆண் வாத்தியார் என்றால் பல வீடுகளில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். படித்த பெண்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். இந்த இரண்டு கஷ்டத்தையும் சுப்பலட்சுமி ஒரே முடிச்சாகப் பார்த்தார். ஒரு பக்கம் வேலையும் மரியாதையும் இல்லாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் இளம் விதவைகள். இன்னொரு பக்கம் ஆசிரியை இல்லாத பள்ளிகள். அரசு செலவு செய்து இந்தப் பெண்களைப் படிக்க வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையார் இந்தத் திட்டத்துக்குத் துணை நின்றார். அரசும் ஒத்துக்கொண்டது.

ஐஸ் ஹவுஸ் நாட்கள்

ஐஸ் ஹவுஸ் 1842-ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைத்த கிடங்கு அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1917-ல் அரசு அந்தக் கட்டடத்தை வாங்கியது. சுப்பலட்சுமியின் பொறுப்பில் அது விதவைப் பெண்களின் இல்லமாக மாறியது.

தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. வசதியில்லாத பெண்களுக்கு அரசு உதவித்தொகை. பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்கள். நன்றாகப் படித்தவர்கள் பக்கத்திலிருந்த ராணி மேரிக் கல்லூரிக்குப் போனார்கள். அந்தக் கல்லூரி 1914-ல் 37 மாணவிகளோடு தொடங்கியது. மயிலாப்பூர்ப் பக்கத்தில் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி வந்ததும், தங்க விடுதி இருந்ததும் சேர்ந்ததால்தான் வெளியூர்ப் பெண்ணும் காலேஜ் வாசலை மிதிக்க முடிந்தது.

1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்பலட்சுமிதான் முதல் முதல்வர். இங்கே பயிற்சி பெற்ற பெண்கள் ஆசிரியைகளாகப் பல ஊர்களுக்கும் போனார்கள். ஒரு காலத்தில் சகுனம் சரியில்லை என்று ஒதுக்கிய பெண்ணை, டீச்சரம்மா என்று ஊரே கைகூப்பிக் கும்பிட்டது. எப்பேர்ப்பட்ட மாற்றம்!

ஒரு குறையும் உண்டு

நல்லதை மட்டும் எழுதினால் வரலாறு முழுமையாகாது. ஐஸ் ஹவுஸ் இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். அந்த வீடுகளின் ஆசாரப்படி சமையலும் சாப்பாடும் நடந்தால்தான் பெற்றோர் பெண்ணை அனுப்புவார்கள் என்ற நிலைமை. அதற்காகச் செய்த சமரசம் அது. ஆனாலும் அரசாங்கப் பணம் எல்லோருடைய வரிப்பணம் அல்லவா? மற்ற சாதிகளில் இருந்த ஏழைப் பெண்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பது உண்மை. சுப்பலட்சுமி ஐஸ் ஹவுஸுக்கு அருகே இருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி நடத்தினார். ஆனால் அந்தப் பெரிய வீட்டுக்குள் அவர்களுக்கு இடம் இல்லை.

இந்தக் குறை மெல்ல மெல்லத்தான் தீர்ந்தது. 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, எந்தச் சாதிப் பெண்ணும் தங்கிப் படிக்கலாம் என்று அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அது அடையாறில் இன்றும் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட மாணவர்கள் மேல்படிப்பு படிக்க இந்திய அரசின் உதவித்தொகை 1944-ல் வந்தது.

இன்னொரு கஷ்டமும் சிஸ்டருக்கு இருந்தது. அரசு சம்பளம் வாங்குபவர் என்பதால் இந்திய மாதர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராக முடியவில்லை. இருந்தாலும் கூட்டங்களுக்குப் போனார். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார். அந்தச் சட்டம் 1930-ல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14 என்றது. பதினோரு வயசில் கல்யாணம் ஆன ஒருவருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஓய்வு அறியாத உழைப்பு

சாரதா மகளிர் சங்கம் நடத்திய சாரதா வித்யாலயா பள்ளி பிறகு ராமகிருஷ்ண மிஷன் கைக்குப் போனது. இன்று தி. நகரில் இருப்பது அந்தப் பள்ளிதான். படிப்பைப் பாதியில் விட்ட பெரிய பெண்களுக்காக 1942-ல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1956-ல் மயிலாப்பூர் மாதர் கிளப் தொடங்கிய வித்யா மந்திர் பள்ளியிலும் அவர் பங்கு உண்டு. 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவை உறுப்பினர். 1920-ல் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம், 1958-ல் பத்மஸ்ரீ.

1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி அன்று காலமானார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

உதவித்தொகை என்றால் ஃபீஸ் கட்டும் பணம் என்றுதான் நாம் நினைக்கிறோம். சிஸ்டரின் வாழ்க்கை சொல்வது வேறு. பணம் ஒன்று. தங்க இடமும் சாப்பாடும் இரண்டு. படிப்பு முடிந்ததும் ஒரு வேலை மூன்று. வீட்டில் வந்து பேசி அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஓர் ஆள் நாலு. இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெண் பாதி வழியில் வீடு திரும்பிவிடுவாள். ஐஸ் ஹவுஸில் நாலும் இருந்தது. அதனால்தான் அது ஜெயித்தது.

தமிழ்நாட்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் இருந்தது. 2022-ல் அதை உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றி, புதுமைப் பெண் என்று பெயர் வைத்தார்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய். கல்யாணத்துக்கு என்று இருந்த பணம் காலேஜுக்கு என்று மாறியது! மாணவர்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது.

பிளஸ் டூ அண்ணன்களே, அக்காக்களே! ஒவ்வொரு வருஷமும் எந்த உதவிக்கு என்ன விதி என்று வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உங்கள் பெயரில் பேங்க் கணக்கு இவற்றைக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். திட்டம் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதை ஒரு மாணவியின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சிஸ்டர் வேண்டும். நம்ம தெருவில் படிப்பை நிறுத்தப்போகும் ஒரு தங்கைக்கு இந்த விவரத்தைச் சொன்னால், அந்த வேலையை நாமும் கொஞ்சம் செய்தவர்கள் ஆவோம்.

சிந்திக்க ஒரு கேள்வி: அடுத்த முறை பீச்சுக்குப் போகும்போது ஐஸ் ஹவுஸ் மாடி ஜன்னல்களைப் பாருங்கள். அங்கே உட்கார்ந்து படித்த பெண்கள் எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?