படக்கலை வளர்த்த பால்கே

மராட்டிய நாட்டில் கோதாவரி ஆறு தோன்றும் மலைச்சாரலில் திரியம்பகேசுவரம் என்னும் திருத்தலம் அமைந்துள்ளது. அவ்வூரில் வடமொழி வல்லுநர் ஒருவர் இல்லத்தில் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் அதற்குத் துண்டிராஜன் எனப் பெயரிட்டனர். துண்டிராஜ கோவிந்த பால்கே என்பது அவர்தம் முழுப்பெயர். பிற்காலத்தார் அன்பும் மதிப்பும் தோன்ற அவரைத் தாதாசாகேப் என்றே அழைத்தனர்.

தந்தையார் வேதநூல்களைக் கற்றுத் துறைபோயவர். சடங்குகள் ஆற்றுவித்தலும் அவர் தொழில். பம்பாய் வில்சன் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக அவர் அமர்த்தப்பெற்றமையால் குடும்பம் அந்நகர்க்குக் குடிபெயர்ந்தது. ஓதலும் ஓதுவித்தலுமே குலத்தொழிலாக இருந்த அவ்வில்லத்தில் வளர்ந்த சிறுவனுக்கு ஏட்டினும் எழுதுகோலினும் வண்ணக்கோலே உவப்பாயிற்று. 1885-ஆம் ஆண்டில் பால்கே பம்பாயிலுள்ள ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். பின்னர்ப் பரோடா நகரம் சென்று, ஆங்குள்ள கலாபவனத்தில் நெய்வண்ண ஓவியமும் நீர்வண்ண ஓவியமும் கற்றார். சிற்பம் வனைதலும் கட்டடக்கலையும் அவர் கருத்தைக் கவர்ந்தன. புகைப்படக் கருவி ஒன்றும் அவர் கைக்கு வந்தது. அன்றுமுதல் ஒளியும் நிழலும் அவரை ஆட்கொண்டன எனலாம்.

கலாபவனத்தின் தலைவர் கஜ்ஜர் என்பவர் மாணவரின் ஆர்வத்தை நன்குணர்ந்தவர். அச்சுப் பாளம் செய்தல், மூவண்ண அச்சு, இருட்டறையில் படம் கழுவுதல் முதலியவற்றைக் கற்றுவர அவரை இரத்லம் நகரத்திற்கு அனுப்பினார். மீண்டு வந்தபின் கலாபவனத்துப் படக்கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும் இசைவு தந்தார். கற்ற தொழிலே சோறு போடும் என்று நம்பிய பால்கே, 1895-ஆம் ஆண்டில் கோத்ரா என்னும் ஊரில் புகைப்பட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. ஊரெங்கும் கொள்ளைநோய் பரவியது. மனைவியையும் மகவையும் அந்நோய்க்குப் பறிகொடுத்து, வெறுங்கையராய் அவர் பரோடாவுக்குத் திரும்பினார்.

ஆங்கு மீண்டும் புகைப்படத் தொழிலையே மேற்கொண்டார். ஆனால், அக்கருவியின் முன் நிற்பவரது உயிராற்றலை அது உறிஞ்சிவிடும், படம் எடுத்துக்கொண்டவர் விரைவில் மாள்வர் என்றொரு வதந்தி மக்களிடையே நிலவியது. இன்று சிரிப்பை விளைக்கும் இவ்வச்சம் அன்று ஒரு கலைஞரின் வயிற்றில் அடித்தது. படக்கருவியை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதத் தொடங்கினார். காடும் அரண்மனையும் சுடுகாடும் அவர் கையால் சீலைகளில் உருவாயின. அவ்வாறு எழுதச் சென்ற இடத்தில் ஒப்பனையும் அரங்க அமைப்பும் கற்றார். சிறு வேடங்கள் புனைந்து மேடையேறவும் செய்தார்.

அக்காலத்தில் ஜெர்மானியச் செப்பிடுவித்தைக்காரர் ஒருவர் பரோடாவுக்கு வந்தார். அவரிடம் பால்கே கண்கட்டு வித்தைகளைக் கற்றுக்கொண்டு, 1901-ஆம் ஆண்டுமுதல் மக்கள் முன்னிலையில் தாமே அவற்றைச் செய்து காட்டினார். தம் குடிப்பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பியமைத்துக் கெல்பா என்னும் புனைபெயரும் சூடிக்கொண்டார். வேதியர் வீட்டுப் பிள்ளை வித்தைக்காரராய் மேடையில் நிற்பதைக் கண்ட உறவினர் முகம் சுளித்திருப்பின் அதில் வியப்பில்லை. ஆயினும் அவ்வித்தை பின்னாளில் எங்ஙனம் பயன்பட்டது என்பதே எண்ணத்தக்கது.

1902-ஆம் ஆண்டில் அவர் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் கிரிஜா, நாடகக் குழுவொன்றின் உரிமையாளருக்கு உறவினர். திருமணத்திற்குப்பின் சரசுவதி எனப் பெயர் பெற்றார். அடுத்த ஆண்டில் பால்கேக்குத் தொல்பொருள் ஆய்வுத் துறையில் புகைப்படக்காரர், வரைவாளர் என்னும் அரசுப் பணி கிடைத்தது. பிறரானால் அதனோடு அமைதி அடைந்திருப்பர். அவரோ 1906-ஆம் ஆண்டில் அப்பணியைத் துறந்து, லோணாவாலாவில் அச்சுக்கூடம் நிறுவினார். இரவிவர்மா அச்சகத்திற்காக ஓவியங்களைக் கல்லச்சுக்கு மாற்றித் தரும் பணி அவருக்குக் கிடைத்தது. இந்நாட்டு இல்லங்களின் சுவர்களில் நெடுங்காலம் விளங்கிய திருமகள் கலைமகள் படங்களைப் பெருக்கிய அச்சகம் அதுவே. பின்னர் அவர் பம்பாயில் புதிய பங்காளியோடு அச்சுத்தொழிலை விரிவாக்கினார். 1909-ஆம் ஆண்டில் ஜெர்மனி சென்று வண்ண அச்சுப் பொறிகளும் வாங்கிவந்தார். தொழில் தழைத்தது, பங்காளிகளின் மனம் ஒன்றவில்லை. தாம் வளர்த்த அச்சுக்கூடத்தை விட்டுப் பால்கே வெளியேறினார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. கைத்தொழில் பல கற்றும் நிலைத்த தொழில் ஒன்றும் இல்லாத நிலை அது.

இந்நிலையில், 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பம்பாயில் கூடாரமொன்றில் காட்டப்பெற்ற சலனப்படத்தைக் காண மூத்த மகனை அழைத்துச் சென்றார். திரையில் விலங்குகள் உயிரோடு உலவின. மறுநாள் குடும்பத்தோடு மீண்டும் சென்றார். ஈஸ்டர் காலமாதலின் அன்று ஏசுநாதர் வரலாறு காட்டப்பட்டது. ஏனையோர் ஏசுநாதரைக் கண்டனர். பால்கேயின் அகக்கண்ணோ இராமனையும் கண்ணனையும் அத்திரையில் கண்டது. இந்நாட்டுக் கதைகளை இந்நாட்டார் கையாலேயே இவ்வாறு எழுப்பிக் காட்டுதல் இயலாதா என்னும் வினா அவரை உறங்கவிடவில்லை.

சிறு கருவியொன்றும் படச்சுருள்களும் வாங்கி, இரவுதோறும் மெழுகுவத்தி ஒளியில் சுவரில் படம் காட்டி ஆராய்ந்தார். நாள்தோறும் நான்கைந்து மணிநேரம் கொட்டகையிலும் அமர்ந்து படம் பார்த்தார். உறக்கமும் ஓய்வும் இன்றிக் கண்களை வருத்தியதன் பயன் கொடிதாயிற்று. இரு கண்களிலும் புரை படர்ந்து பார்வை மறைந்தது! காட்சிக்கலைக்கு வாழ்வைத் தர முனைந்தவர் காட்சியையே இழந்து இருளில் கிடந்தார். மருத்துவர் ஒருவரின் நன்முயற்சியால் பார்வை மீண்டது. மூன்று நான்கு கண்ணாடிகளின் துணையோடு அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.

படக்கருவியை இயக்கும் முறையைக் கற்க இலண்டன் செல்லவேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். நண்பரும் உறவினரும் இஃது அறிவுடைய செயலாகாது என்றே கருதினர். பால்கே தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடாக வைத்துக் கடன் பெற்று, 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் கப்பலேறினார். ஆங்குத் திரைப்பட இதழொன்றின் ஆசிரியர் அவருக்கு உதவினார். ஹெப்வொர்த் என்னும் புகழ்பெற்ற படத்தயாரிப்பாளர் தம் நிலையத்தைச் சுற்றிக் காட்டினார். வில்லியம்சன் படக்கருவியையும், படச்சுருளின் ஓரங்களில் துளையிடும் பொறியையும் விலைபேசிவிட்டு, இரண்டே திங்களில் அவர் தாயகம் மீண்டார்.

பொறிகள் வந்துசேர்ந்தன. பொருள் உதவுவார் இல்லை. தம்மால் இயலும் என்பதைப் பிறர்க்குக் காட்டப் பால்கே கையாண்ட வழி மிக எளியது. பூந்தொட்டியொன்றில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே படக்கருவியை அசையாது நிறுத்தினார். குறித்த இடைவெளிதோறும் சிறிது சிறிதாகப் படம் எடுத்துவந்தார். விதை முளைத்தது, முளை நிமிர்ந்தது, கொடி படர்ந்தது. ஒரு திங்களளவும் நிகழ்ந்த அவ்வளர்ச்சி, சுருளைத் திரையில் ஓட்டியபொழுது ஒன்றிரண்டு நிமிடங்களில் நிகழ்ந்து முடிந்தது. கண்டோர் வியந்தனர், கடன் கொடுப்பாரும் முன்வந்தனர். அதுவும் போதாதபொழுது சரசுவதி அம்மையார் தம் அணிகலன்களைக் கழற்றிக் கொடுத்தார்.

முதற்படத்திற்குப் பால்கே தேர்ந்த கதை அரிச்சந்திரன் வரலாறு. வாய்மைக்காக மனைவியையும் மகனையும் விற்ற மன்னன் கதை இந்நாட்டில் யாவரும் அறிந்ததன்றோ? பேச்சில்லாப் படத்திற்கு அஃது ஏற்றதாயிற்று. தத்தாத்ரேய தாப்கே என்பவர் அரிச்சந்திரனாக நடித்தார். பால்கேயின் மகன் பாலச்சந்திரனே மன்னன் மகனானான். சந்திரமதியாக நடிக்கப் பெண்டிர் எவரும் முன்வரவில்லை. படக்கருவியின் முன் நிற்பது இழிவென அக்காலத்தார் எண்ணினர். பால்கே எங்கெங்கோ தேடி, இறுதியில் உணவு விடுதியொன்றில் பணியாற்றிய அண்ணா சாளுங்கே என்னும் இளைஞரைக் கண்டார். மெலிந்த கைகளும் பெண்மை சார்ந்த நடையும் உடைய அவரே அரசியானார். தோழியராக வந்த ஆடவரோ மீசையை மழிக்க ஒருப்படவில்லையாம்; அவர்களை வழிக்குக் கொணர்வதற்குள் பால்கே பெரும்பாடு பட்டார்.

தாதரில் இருந்த அவர் இல்லமே படநிலையம் ஆயிற்று. கதை எழுதியவர், காட்சிச்சீலை தீட்டியவர், நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர், படம் கழுவியவர் யாவும் பால்கே ஒருவரே. சரசுவதி அம்மையாரின் உழைப்போ அதற்கும் மேற்பட்டது. படப்பிடிப்புக்கு வந்த அனைவருக்கும் அவரே சமைத்தார். வெயிலை நடிகர் முகத்தில் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நெடும்பொழுது நின்றார். இரவில் பிள்ளைகள் உறங்கியபின் படச்சுருளின் ஓரங்களில் துளையிட்டார். இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று உலகம் பால்கேயைப் போற்றுகின்றது. அப்புகழில் அவ்வம்மையாருக்கு உரிய பங்கை வழங்க உலகம் நெடுங்காலம் மறந்தே இருந்தது.

ஏறக்குறைய ஏழு திங்கள் உழைத்து முடிந்த படம் 3,700 அடி நீளமுடையது. 1913-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பம்பாய்க் காரனேஷன் கொட்டகையில் அது பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே புண்டலீகன் கதையைப் படமாகக் காட்டியவர் உண்டு. ஆயினும் அது மேடை நாடகத்தைப் படம்பிடித்ததே ஆகும். அதன் சுருளும் இலண்டனில் கழுவப்பெற்றது. தொடக்கம் முதல் முடிவுவரை இந்நாட்டிலேயே உருவான முழுநீளப் படம் என்னும் பெருமை பால்கேயின் படத்தையே சாரும்.

அதன்பின் அவர் படைத்தவற்றுள் 1917-ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்காதகனம் குறிப்பிடத்தக்கது. சாளுங்கே அதில் இராமனாகவும் சீதையாகவும் தாம் ஒருவரே நடித்தார். அனுமன் வானில் பறந்தான். வாலில் தீ எரிந்தது. இராமன் திரையில் தோன்றியதும் மக்கள் காலணிகளைக் கழற்றிவிட்டுத் தொழுதனர் என்பர். பரோடாவில் கற்ற கண்கட்டு வித்தை இத்தகைய படங்களில் கைகொடுத்தது. கருவியின் கைப்பிடியைச் சுழற்றுதலை நிறுத்தி, ஒருவரை இடையே நிற்கவைத்து மீண்டும் சுழற்றினால், அவர் வெறுவெளியிலிருந்து தோன்றியவராகத் திரையில் காணப்படுவார். ஒருமுறை படம் பதிந்த சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுமுறையும் பதித்தால் இரு காட்சிகள் ஒன்றாகும். வித்தைக்காரரின் கைவிரைவு, ஓவியரின் கண், இருட்டறைப் பயிற்சி ஆகிய மூன்றும் கூடாவிடின் இவை கைகூடியிரா. அடுத்தடுத்துத் தோல்வியுற்ற தொழில்கள் எனப் பிறர் எண்ணியவை அனைத்தும் இங்கு ஒன்றுசேர்ந்தன.

சென்னையிலும் சில ஆண்டுகளில் ஆர். நடராச முதலியார் கீசக வதம் என்னும் ஊமைப்படத்தை எடுத்தார். நாடெங்கும் படத்தொழில் பரவியது. பால்கேயும் 1918-ஆம் ஆண்டில் செல்வர் சிலரோடு கூடி நாசிக்கில் திரைப்பட நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். முதலிட்டவர்க்கு ஊதியத்தில் நோக்கம். இவர்க்குக் கலையில் நோக்கம். பிணக்கு முற்றவே, பால்கே காசிநகர் சென்று தங்கி, நாடகவுலகைப் பற்றி மராத்தியில் நாடகமொன்று எழுதினார். மீண்டும் வந்து பணியாற்றினாராயினும் பழைய உரிமை அவருக்கு வாய்க்கவில்லை.

1931-ஆம் ஆண்டில் படம் பேசத் தொடங்கியது. அக்காலத்தில் பால்கே சேதுபந்தனம் என்னும் ஊமைப்படத்தில் ஈடுபட்டிருந்தார். அது 1932-இல் வெளிவந்தபொழுது மக்கள் பாட்டும் பேச்சும் கேட்கப் பழகிவிட்டனர். பின்னர் அதற்கு ஒலி சேர்த்தும் பயன் மிகவில்லை. கோலாப்பூர் நிறுவனமொன்றிற்காக 1937-ஆம் ஆண்டில் அவர் இயக்கிய கங்காவதரணமே அவர்தம் ஒரே பேசும் படம். இறுதிப் படமும் அதுவே. அப்பொழுது அவருக்கு அகவை அறுபத்தேழு. பிறகு நாசிக்கில் ஒதுங்கி வாழ்ந்து, 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் தோற்றுவித்த தொழிலால் பலர் பெருஞ்செல்வர் ஆயினர். அவரோ பொருளின்றியே மறைந்தார். நடுவணரசு 1969-ஆம் ஆண்டில் அவர் பெயரால் விருதொன்றை ஏற்படுத்திற்று.

பால்கே எடுத்த படங்கள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை எனக் கணக்கிடுவர். அவற்றுட் பெரும்பாலன அழிந்தன. அரிச்சந்திரன் படத்திலும் சில பகுதிகளே எஞ்சின. எஞ்சியவற்றுள் 1919-ஆம் ஆண்டில் வெளிவந்த காளிய மர்த்தனமும் ஒன்று. அதில் பால்கேயின் மகள் மந்தாகினி கண்ணனாக நடித்தாள், அகவை ஏழு. படத்தின் தொடக்கத்தில் அச்சிறுமியின் முகம் மட்டும் திரையில் தோன்றி, மகிழ்ச்சி, சினம் முதலிய மெய்ப்பாடுகளை ஒவ்வொன்றாகக் காட்டுகின்றது. பின்னர் அம்முகம் மெல்ல மாறிக் கண்ணன் திருமுகமாகின்றது. கதை தொடங்குவது அதன் பின்னரே.