கடலோரத்தில் ஒரு தாயகம்

நுழையும்முன்

போரின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வீட்டையும் பெற்றோரையும் இழந்து நின்ற குழந்தைகள் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றனர். அத்தகைய குழந்தைகளைத் தம் மண்ணுக்கு அழைத்து வாழ்வளித்தவர், படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் இந்திய மன்னர். அவர்தாம் நவாநகர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி.

படைவீரர் மன்னராதல்

இன்றைய குஜராத் மாநிலத்தில், கட்ச் வளைகுடாவை ஒட்டி அமைந்திருந்த அரசு நவாநகர். அதன் தலைநகர் ஜாம்நகர். திக்விஜய்சிங்ஜி 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பிறந்தார். புகழ்பெற்ற கிரிக்கெட் வீரரும் நவாநகரின் மன்னருமான ரஞ்சித்சிங்ஜி அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர் ஆவார். இங்கிலாந்தில் கல்வி பயின்ற திக்விஜய்சிங்ஜி, 1919இல் படையில் சேர்ந்தார்; வசீரிஸ்தான் எல்லைப்பகுதியில் பணியாற்றினார்; கேப்டனாக உயர்ந்து 1931இல் ஓய்வுபெற்றார். ரஞ்சித்சிங்ஜியின் மறைவுக்குப்பின் 1933இல் அரியணை ஏறினார்.

வேரோடு பெயர்க்கப்பட்டோர்

1939 செப்டம்பரில் போலந்து நாட்டை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் ஒன்றியமும் தாக்கின. கிழக்குப் போலந்தின் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டனர். கடுங்குளிரும் பசியும் நோயும் பலரை மாய்த்தன. 1941இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியபின், நாடுகடத்தப்பட்ட போலந்து மக்கள் விடுவிக்கப்பட்டனர். வெப்பத்தையும் உணவையும் நாடி மத்திய ஆசியாவை அடைந்தவர்களுள் பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் இருந்தனர்.

உலகமே போரில் மூழ்கியிருந்த வேளையில் இக்குழந்தைகளை ஏற்பது யார்? அவர்களுக்கான செலவை ஏற்க ஆங்கில அரசு தயங்கியது. அந்நிலையில் திக்விஜய்சிங்ஜி தம் நாட்டில் இடமளிக்க முன்வந்தார். அப்போது அவர் மன்னர் மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். எனவே, பிற மன்னர்களும் செல்வர்களும் பொருளுதவி செய்யத் தூண்டினார்.

பாலாசடியில் புதுவாழ்வு

ஜாம்நகரை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த சிற்றூர் பாலாசடி. மன்னரின் கோடைக்கால மாளிகைக்கு அருகே அங்கு 1942இல் முகாம் அமைந்தது. 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் வாழ்ந்தனர். அவர்களை வரவேற்ற மன்னர், இனி அவர்கள் பெற்றோரற்றவர் அல்லர் என்றும், நவாநகர் மக்கள் அனைவருக்கும் தந்தையாகிய தாம் அவர்களுக்கும் தந்தையே என்றும் கூறினார். குழந்தைகளும் அவரைப் ‘பாபூ’ என்றே அழைத்தனர். குஜராத்தி மொழியில் அச்சொல்லுக்குத் தந்தை என்பது பொருள்.

உணவும் உறைவிடமும் தந்ததோடு அவர் அமைதியடையவில்லை. குழந்தைகள் என்றேனும் தாயகம் திரும்புவர். அன்று தம் மொழியையும் சமயத்தையும் மறந்தவராய்த் திரும்புதல் கூடாது என எண்ணினார். ஆகவே, போலந்து ஆசிரியர்கள் போலந்து மொழியில் பாடம் நடத்தினர். வழிபாட்டிடமும் நூலகமும் சாரணர் இயக்கமும் அங்கிருந்தன. போலந்தின் கொடியும் பறந்தது.

அடிக்கடி பரிமாறப்பட்ட பசலைக்கீரையை உண்ண மறுத்துக் குழந்தைகள் ஒருமுறை எதிர்ப்புத் தெரிவித்தனர். செய்தியறிந்த மன்னர் அவர்களைக் கடியவில்லை. இனிப் பசலைக்கீரை சமைக்க வேண்டா என ஆணையிட்டார். படையில் கட்டளைக்குப் பணிந்து பழகிய ஒருவர், குழந்தைகளின் குரலுக்குச் செவிசாய்த்தார்.

உரிமைக்கு அரண்

போர் முடிந்தபோது புதிய இடர் எழுந்தது. போலந்தில் பொதுவுடைமை அரசு அமைந்திருந்தது. குழந்தைகளை அங்கு அனுப்ப வேண்டும் என்ற நெருக்குதல் ஏற்பட்டது. நாடுகடத்தலின் துயரை அறிந்த அவர்களுக்கு அது அச்சத்தைத் தந்தது. மன்னர், முகாமின் பொறுப்பாளரான பாதிரியார் பிரான்சிஷேக் புளூத்தாவுடனும் ஓர் ஆங்கில அதிகாரியுடனும் இணைந்து, குழந்தைகளைச் சட்டப்படி தத்தெடுத்தார். விருப்பமின்றி அவர்களைத் திருப்பியனுப்ப இயலாதவாறு அத்தத்து அரணாக நின்றது. பின்னர், பாலாசடி முகாம் மூடப்பட்டு, குழந்தைகள் கோலாப்பூரை அடுத்த வளிவடே முகாமுக்குச் சென்றனர். அங்கிருந்து பல நாடுகளில் குடியேறினர்.

நிறைவேறிய விருப்பம்

நாடு விடுதலை பெற்றபோது நவாநகரை இந்தியாவுடன் இணைத்த திக்விஜய்சிங்ஜி, ஐக்கிய நாடுகள் அவையிலும் இந்தியாவின் சார்பில் பணியாற்றினார். 1966 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். செய்ந்நன்றியாக யாது வேண்டும் எனப் போலந்துத் தலைவர் வினவியபோது, விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தம் பெயரிட்டால் போதும் என்றாராம். 1989இல் அந்நாட்டின் ஆட்சி மாறிய பின்னரே அவ்விருப்பம் நிறைவேறியது. வார்சா நகரில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. ‘நல்ல மகாராஜா சதுக்கம்’ என்ற இடமும் உள்ளது.

குழந்தைகளின் உரிமைகளுக்கென உலக உடன்படிக்கை வேண்டும் என 1978இல் முன்மொழிந்த நாடு போலந்து. 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் அவை அதனை ஏற்றது. ஏதிலிக் குழந்தைக்குப் பாதுகாப்பு, தன் மொழியையும் சமயத்தையும் பேணும் உரிமை, தன் கருத்தைக் கூறும் உரிமை ஆகியவை அதில் இடம்பெற்றுள்ளன. இவற்றை எந்த உடன்படிக்கையும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே பாலாசடிக் குழந்தைகள் பெற்றிருந்தனர். அவர்கள் ஓடி விளையாடிய அந்நிலத்தில் இன்று சைனிக் பள்ளி மாணவர் பயில்கின்றனர்.