குன்னூரில் ஓர் உணவறிஞர்: இராபர்ட் மெக்காரிசன் வாழ்வும் ஆய்வும்

நீலகிரி மலைக்குச் செல்லும் நம்மவர், குன்னூர்ச் சிம்ஸ் பூங்காவைக் கண்டு மகிழ்ந்து திரும்புவது வழக்கம். அப்பூங்காவின் அருகே நிற்கும் பாஸ்டர் ஆய்வு நிலையத்தை வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யும் இடம் என்ற அளவில் அறிந்தோர் சிலர். அறியாமலே கடந்து செல்வோர் பலர். 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் ஒற்றை அறையில், 1918ஆம் ஆண்டில், இந்திய நாட்டின் உணவாராய்ச்சி பிறந்தது. அதனைத் தொடங்கி வளர்த்தவர் சர் இராபர்ட் மெக்காரிசன். மருத்துவர் பலரும் நோய் ஏன் வருகிறது என்று வினவிய காலத்தில், நலம் எதனால் நிலைக்கிறது என்று வினவிய பெருமகனார் அவர்.

பிறப்பும் பயிற்சியும்

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் அயர்லாந்து நாட்டின் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரின் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு அகவை இருபத்து மூன்று.

இமயத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள சித்ரால் பகுதியில் படை மருத்துவராக அவர் பணி தொடங்கியது. அங்கே படைவீரர்களை ஆண்டுதோறும் வாட்டிய மூன்று நாள் காய்ச்சலை நுணுகி ஆராய்ந்து, மணல் ஈ என்னும் சிறு பூச்சியால் அது பரவக்கூடும் எனக் கருதினார். நூலகமும் ஆய்வுக்கூடமும் இல்லாத எல்லைப்புறத்திலும், கூர்ந்து நோக்கும் கண் இருந்தால் ஆராய்ச்சி இயலும் என்பதை இளமையிலேயே அவர் மெய்ப்பித்தார்.

கில்கிட் ஓடை கற்பித்த பாடம்

பின்னர்க் கில்கிட் பகுதிக்கு மருத்துவராகச் சென்றார். அங்கே கழுத்தின் முன்புறம் வீங்கும் கழலை நோய் மிகுந்திருந்தது. ஒரே ஓடையின் கரையில் வரிசையாக அமைந்த சிற்றூர்களைக் கணக்கெடுத்தபோது, ஓடை கீழே இறங்க இறங்க நோயாளர் தொகை ஏறிக்கொண்டே போவதைக் கண்டார். மேலூர்களின் அழுக்கைச் சுமந்து வரும் நீரே காரணமாகலாம் என்று ஐயுற்றார்.

அந்த ஐயத்தைத் தெளிவிக்க அவர் மேற்கொண்ட வழி வியப்புக்குரியது. கலங்கல் நீரை வடிகட்டி, வடியில் தங்கிய மண்டியைத் தாமே நாள்தோறும் உட்கொண்டார். உடன்பட்டு முன்வந்த சிலரும் அவ்வாறே செய்தனர். அவர்களுள் சிலருக்குக் கழலை தோன்றியது. மண்டியைக் காய்ச்சி உண்டவர்க்கு அது தோன்றவில்லை. நீரிலுள்ள நுண்ணுயிரே காரணம் என அவர் முடிவு செய்தார். அயோடின் குறைவே அந்நோயின் முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆகவே அம்முடிவு முழுமையானது அன்று. எனினும் பிறர்மேல் சோதிக்கும் முன் தம் உடம்பையே சோதனைக் களமாக்கிய துணிவு மறக்கத்தக்கதன்று.

கில்கிட்டுக்கு அப்பால் உன்சா என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அம்மக்களின் திடமான உடலும் தளராத உழைப்பும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. முழுத் தானியம், கீரை, காய், பால், பாதாமி என்னும் சர்க்கரைப் பழம் ஆகியவையே அவர்களுடைய உணவில் பெரும்பகுதி. புலால் அரிதாகவே அவர்கள் உண்டனர். மருத்துவர் இல்லாத ஊரில் நலம் எவ்வாறு குடிகொண்டது என்னும் வினா அங்கே அவருக்குள் விதையாய் விழுந்தது. அது முளைத்துக் கிளைத்த இடம் நம் நீலகிரி.

குன்னூரில் ஓர் அறை

முதல் உலகப் போரில் பணியாற்றிய பின், 1918ஆம் ஆண்டில் பெரிபெரி நோயை ஆராயும் பொருட்டு மெக்காரிசன் குன்னூர் வந்தார். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளரும் அந்நோய், ஆலையில் தீட்டிய பச்சரிசியையே பெரிதும் உண்ட மக்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தில் வடபகுதிக் கடற்கரை மாவட்டங்கள் அதனால் துன்புற்றன. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களோ பெரும்பாலும் தப்பின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முற்றும் நீங்குவதில்லை. ஆய்வுக்கூடம் என்னும் சொல்லையே அறியாத நம் பாட்டிமார் நெல் அவித்த அடுப்பு, ஒரு கொடிய நோய்க்கு வேலியாக நின்றது.

தீட்டிய அரிசியைப் புறாக்களுக்கும், சத்துக் குறைந்த உணவைக் குரங்குகளுக்கும் அளித்து, உடலுறுப்புகளில் விளையும் கேட்டை அவர் ஆராய்ந்தார். அம்முடிவுகள் 1921ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஆயினும் 1923ஆம் ஆண்டில் அரசு சிக்கனத்தைக் காரணம் காட்டி இவ்வாய்வை நிறுத்திவிட்டது. உணவைப் பற்றிய ஆய்வு அன்று ஆடம்பரமாகக் கருதப்பட்டது போலும்! ஈராண்டுக்குப் பின் மீண்டும் இசைவு கிடைத்தது. ஓரறை ஆய்வு 1928ஆம் ஆண்டில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக உயர்ந்தது. அதன் முதல் இயக்குநர் மெக்காரிசனே.

எலிகள் அளித்த சான்று

குன்னூரில் அவர் வளர்த்த வெள்ளெலிகள் உலகப் புகழ் பெற்றவை. தூய கூண்டு, வெயில், காற்று, நல்ல நீர் ஆகியவற்றை எல்லா எலிகளுக்கும் ஒரே தன்மையாக அளித்து, உணவை மட்டும் வேறுபடுத்தினார். பஞ்சாபிச் சீக்கியர் உணவை ஒட்டி, முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, பால் ஆகியவற்றையும், வாரம் ஒருமுறை சிறிதளவு புலாலையும் ஓர் எலிக்கூட்டத்துக்கு அளித்து வந்தார். இரண்டேகால் ஆண்டுக் காலம் அக்கூட்டத்தில் நோய் தோன்றவில்லை. வளர்ந்த எலிகளுள் ஒன்றும் இயற்கையாய் இறக்கவில்லை.

குறைபாடுள்ள உணவு பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளின் நிலை வேறு. நுரையீரல் அழற்சி, குடற்புண், சிறுநீர்ப்பைக் கல், தோல்நோய், கண்நோய் எனப் பிணிகள் பெருகின. அவற்றுள் நுரையீரல் நோய்களும் குடல் நோய்களும் முன்வரிசையில் நின்றன. கிருமி வெளியிலிருந்து வருவது உண்மை. அதற்குக் கதவைத் திறந்துவிடுவது உணவுக் குறைவு என்பதை அவர் காட்டினார்.

நாட்டின் பல பகுதி உணவுகளையும் ஒப்பிட்டார். சீக்கியர் உணவு உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசி மிகுந்தும், பாலும் காய்கறியும் குறைந்தும் இருந்த சென்னை மாகாண ஏழை உணவு உண்டவை 155 கிராமே பெற்றன. இது மக்களின் உயர்வு தாழ்வு பற்றிய தீர்ப்பன்று. தட்டில் விழுவது பற்றிய தீர்ப்பு. அவர் தம் நாட்டையும் விடவில்லை. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரையிட்ட தேநீர், டப்பா இறைச்சி என்னும் இங்கிலாந்து ஏழையரின் உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது, அவை வளர்ச்சி குன்றி, சினம் மிகுந்து, ஒன்றையொன்று கொன்று தின்னும் நிலைக்குத் தாழ்ந்தன.

வயலிலும் வகுப்பறையிலும்

கோயமுத்தூரில் வேளாண் வேதியியலராக விளங்கிய பி. விசுவநாத் அவர்களுடன் இணைந்து, 1926ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வை வெளியிட்டார். தொழுவுரமிட்ட நிலத்தில் விளைந்த தானியம், வேதி உரமிட்ட நிலத்தில் விளைந்ததனினும் ஊட்டம் மிக்கது என்பது அதன் முடிவு. மண்ணின் நலமே தானியத்தின் நலம். தானியத்தின் நலமே மனிதனின் நலம் என அவர் கண்டார்.

அறிந்ததை அறிஞர் அவையோடு நிறுத்தாமல், பள்ளி மாணவர்க்கும் பயன்படுமாறு உணவு பற்றிய எளிய நூல் ஒன்றை 1928ஆம் ஆண்டில் எழுதினார். ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, அவருடைய பட்டங்களினும் இந்தச் சிறு நூலே பெரிதாகத் தோன்றுகிறது.

1933ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், 1935ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1936ஆம் ஆண்டில் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் குன்னூரில் கண்ட உண்மைகளைத் தொகுத்துரைத்தார். 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ஆக்சுபோர்டில் அவர் வாழ்வு நிறைவுற்றது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை 1937ஆம் ஆண்டில் குன்னூரிலிருந்தே வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, 1969ஆம் ஆண்டில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

நம் உள்ளத்தில் எழும் வினா

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு இவ்வரலாறு ஓர் உறுத்தலையும் தருகிறது. அந்த எலிகளும் புறாக்களும் குரங்குகளும் ஐம்பொறியுடைய உயிர்களே. கில்கிட்டில் முன்வந்தவர்கள் தாமே இசைந்தவர்கள். கூண்டிலிருந்தவை இசைவு தெரிவிக்க வாயற்றவை. அவற்றின் நோவினால் பெற்ற அறிவை நாம் பயன்கொள்ளலாமா?

பயன் பெரிது என்பதால் துன்பம் துன்பமன்று என ஆகிவிடாது. அவ்வாறு கூறி மனத்தை ஆற்றிக்கொள்வது நம் நெறிக்கு ஒவ்வாது. ஆனால் பெற்ற அறிவைப் புறக்கணித்துவிட்டால், அவ்வுயிர்கள் பட்ட பாடு இருமுறை வீணாகும். நன்றியோடும் வருத்தத்தோடும் அதனைப் பெற்றுக்கொள்வதும், இனி அத்தகைய துன்பம் குறைய வழி தேடுவதும் நம் கடன். மெக்காரிசன் மறைந்த அதே 1960ஆம் ஆண்டில், விலங்குகள்மேல் செய்யும் சோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழிசெய்யும் வதைத்தடுப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பெற்றது என்பதும் எண்ணத்தக்கது.

அவர் அளித்த உணவுப் பட்டியலில் நம் நோன்பு நெறிக்கு ஏலாதவை சில உண்டு. எனினும் அவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியவை முழுத் தானியமும், பாலும், பருப்பும், கீரையும், பழமுமே. இவை நம் சமையலறைக்குப் புதியவை அல்ல. நாமோ, வெள்ளை வெளேரெனத் தீட்டிய அரிசியை விருந்தின் பெருமையாகக் கருதுகிறோம். கம்பையும் கேழ்வரகையும் ஏழைமையின் அடையாளமென ஒதுக்குகிறோம். புலால் மறுத்தோம் என்னும் அளவில் நம் உணவு நல்லுணவாகிவிட்டது என்று எண்ணுகிறோம். எதை விலக்குவது என்பதை நம் முன்னோர் நமக்குத் தெளிவாகக் கற்பித்தனர். விலக்கியவை போக எஞ்சிய தட்டில் எது இருக்கவேண்டும் என்பதையும் நாம் கருத வேண்டும்.

அடுத்த முறை குன்னூர் செல்லும்போது, பூங்காவைக் கண்டபின் அக்கட்டடத்தின் முன் சற்றே நில்லுங்கள். உடன்வரும் குழந்தைகளுக்கு இந்த வரலாற்றைக் கூறுங்கள். அங்கு வாழ்ந்து மடிந்த வாயற்ற உயிர்களையும் நினைவுகூருங்கள். பின்னர் இல்லம் திரும்பி, நம் அரிசிப் பானையை ஒருமுறை திறந்து பார்ப்போமாக.