தங்கையின் நோயும் அடையாற்று மருத்துவமனையும்

தேவதாசி முறை ஒழிப்புக்காகவும், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி என்பதற்காகவும் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நாம் போற்றுகிறோம். அவர்தம் வாழ்வின் போக்கை மலக்குடல் புற்றுநோய் ஒன்று மாற்றிய செய்தி அத்துணை பேசப்படுவதில்லை.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அம்மையார், ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியில் கற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆயினும் தம் தங்கையைக் காக்க அவரால் இயலவில்லை. தங்கையின் நோய் முதலில் சீதபேதி எனக் கருதப்பட்டது. புற்றென்று தெளிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923இல் தங்கை மறைந்தார்.

மருத்துவர் வீட்டிலேயே இவ்வாறாயின் பிறர் நிலை என்னாம்? மலத்தில் குருதி, சளி, கழித்த பின்னும் கழிக்கவேண்டும் என்னும் உணர்வு ஆகியவை சீதபேதிக்கும் புற்றுக்கும் பொது. குருதி கண்டால் மூலம் என்று கூறி, நாணத்தால் மறைப்போர் நம்மிடையே பலர். விரற் சோதனையும், குழாய்க் கருவியால் குடலை நோக்குதலும், சிறு சதைத்துணுக்கின் ஆய்வும் உண்மையைக் காட்டிவிடும்.

1908இலேயே இலண்டன் மருத்துவர் மைல்ஸ், மலக்குடலை ஆசனவாயோடு அகற்றி, வயிற்றில் மாற்றுவழி அமைக்கும் அறுவை முறையை வெளியிட்டிருந்தார். இன்று கட்டியுள்ள பகுதியையும் அதனைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களையும் நீக்கி, இயன்றவரை குடலின் இரு முனைகளையும் இணைத்துவிடுகின்றனர். இணைப்பு ஆறும்வரை சிலருக்கு வயிற்றில் தற்காலிக வழி வைப்பர். கட்டி ஆசனவாயைப் பற்றியிருப்பின் அதுவே நிலைக்கும். அங்கே பொருத்தும் பையோடு வயலுக்கும் தறிக்கும் தொழிற்சாலைக்கும் செல்வோர் உளர்.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்றார் அம்மையார். புற்றுநோயாளர் எவ்வாறும் இறப்பவர்தாமே என்று எண்ணிய காலம் அது. ஆட்சியாளர் கைவிரித்தனர். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. மகன் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு மருத்துவர் சாந்தா இணைந்தார்.

அம்மையார் 1968இல் மறைந்தார். மறு ஆண்டு பேரறிஞர் அண்ணாவைப் புற்றுநோய் கொண்டுசென்றது. அவர் பெயரால் காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. அது நம் வாலாஜாபாத்திற்கு அடையாற்றினும் மிக அண்மையில் உள்ளது.