ஏ. வி. மெய்யப்பச் செட்டியார்

ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் (ஜூலை 28, 1907 - ஆகஸ்ட் 12, 1979) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர், இயக்குநர். ஏவிஎம் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். ஏவிஎம் செட்டியார் என்றும் அழைக்கப்பட்டார். மேடை நாடகங்கள் பலவற்றைத் திரைப்படமாக்கினார்.

வாழ்க்கைக் குறிப்பு

செட்டிநாட்டின் காரைக்குடியில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. அத்தொழிலில் ஈடுபட்ட மெய்யப்பர், பின்னர் சென்னையில் நண்பர்களுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி இசைத்தட்டுகளை வெளியிட்டார்.

திரைத்துறையில்

இவரது முதற்படமான அல்லி அர்ஜுனா (1935) கல்கத்தாவில் படமாக்கப்பட்டது. அதுவும் அடுத்து வந்த ரத்னாவளியும் தோல்வியடைந்தன. நந்தகுமார் (1938) படத்தில் பின்னணிப் பாடும் முறையைத் தமிழில் முதன்முதலாகக் கையாண்டார். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகமான சபாபதியை 1941இல் படமாக்கினார். 1945இல் ஏவிஎம் நிறுவனத்தைத் தொடங்கினார்.

காரைக்குடிப் படப்பிடிப்புத் தளம்

உலகப் போரினால் சென்னையில் மின்சாரம் பெறுவது கடினமாக இருந்தது. எனவே மெய்யப்பர் சொந்த ஊரிலேயே கீற்றுக் கொட்டகைகள் அமைத்து, அவற்றைப் படப்பிடிப்புத் தளமாக்கினார்.

அங்கு உருவானதே நாம் இருவர் (1947). ப. நீலகண்டன் எழுதி, என். எஸ். கே. நாடக சபாவினர் மேடையேற்றிய தியாக உள்ளம் என்ற நாடகத்தின் திரைவடிவம் இது. மெய்யப்பரே இயக்கினார். டி. ஆர். மகாலிங்கம், பி. ஆர். பந்துலு ஆகியோர் நடித்தனர். புராணக் கதைகளுக்குரிய பெரும் அரங்கங்கள் இச்சமூகக் கதைக்குத் தேவைப்படவில்லை. பாரதியார் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா நடனமாடினார். விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே வெளியாகி விடுதலையைக் கொண்டாடிய இப்படம் பெருவெற்றி பெற்றது.

பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை மெய்யப்பரிடம் இருந்தது. 1949இல் பாரதியின் படைப்புகளை அரசு பொதுவுடைமையாக்கியபோது, அவ்வுரிமையை ஈடு எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார்.

சென்னையில்

1948இல் நிறுவனம் சென்னைக் கோடம்பாக்கத்திற்கு மாற்றப்பட்டது. பின்னரும் நாடகங்களைத் திரைக்குக் கொண்டுவரும் வழக்கம் தொடர்ந்தது. அண்ணாதுரையின் ஓர் இரவு நாடகம் நீலகண்டனின் இயக்கத்தில் 1951இல் படமாயிற்று. சிவாஜி கணேசன் அறிமுகமான பராசக்தி (1952) படமும் நாடகத்திலிருந்தே உருவானது. மு. கருணாநிதி உரையாடல் எழுதிய அப்படத்தைப் பி. ஏ. பெருமாளின் நேஷனல் பிக்சர்சுடன் இணைந்து ஏவிஎம் தயாரித்தது.

மறைவு

மெய்யப்பச் செட்டியார் 1979இல் தமது 72ஆம் அகவையில் காலமானார். அவருக்குப் பின் அவருடைய மகன்கள் நிறுவனத்தை நடத்தினர்.