அலைந்த இளமையும் அன்னையின் அடுப்பும்

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களைப் பழந்தமிழ் ஏடுகளை மீட்ட பெரியாராகவே உலகம் போற்றுகின்றது. நிலையாக ஓர் ஊரில் இருக்கப்பெறாத சிறுவராக அவரை நினைப்பார் சிலரே. எனக்கோ அச்சிறுவரே மிகவும் அணுக்கமானவர்.

1855ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள், தாயார் சரஸ்வதி அம்மாளின் பிறந்தகமாகிய சூரியமூலையில் அவர் பிறந்தார். தந்தையின் ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்ற வித்துவான். அக்காலத்தில் இசைவல்லார்க்கு நிலையான ஊதியம் அரிது. இராமாயணப் பிரசங்கம் செய்து, ஊரார் மனமுவந்து அளிப்பது கொண்டே குடும்பம் நடைபெற வேண்டும். ஓரூரில் ஆதரவு குன்றினால் மற்றோர் ஊர்!

பிழைப்பு மட்டுமன்று, மைந்தரின் தமிழ்வேட்கையும் அவர்களை ஊர்தோறும் நடத்திற்று. அரியிலூரில் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகையும் கற்றார். ஒரு பாடம் வேர்விடும் முன்னரே மூட்டை கட்ட நேரின், இளநெஞ்சம் அமைதியுறுவது எங்ஙனம்?

அந்த அலைவில் மாறாதிருந்தது அன்னையின் அடுப்பொன்றே என்பது என் துணிபு. காவிரி பாயும் நன்செய்யூரினின்றும் அரியிலூர்ப் பக்கத்துப் புன்செய் நிலத்திற்குச் சென்றால் மண் வேறு, தண்ணீர் வேறு, கிடைக்கும் காய்கறியும் வேறு. சமைக்கும் கைமட்டும் வேறாகாது. அக்கையால் இட்ட சோறு எங்குக் கிடைக்கின்றதோ, குழந்தைக்கு அதுவே சொந்த ஊர்.

யட்டவத்தையில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இவ்வுண்மை ஏட்டிற் கண்டது மட்டுமன்று. வேலை தேடித் தோட்டம் மாறும் பெற்றோருடன், விடுகைப் பத்திரத்தைக் கையிற் பிடித்தபடி, தவணையின் நடுவே வந்து சேரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கின்றேன். முதல்வாரம் முழுதும் வாய்திறவாத பிள்ளையும், நண்பகலில் வீட்டு ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் பிரித்தவுடன் முகம் மலர்கின்றது.

1871ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை மாயூரத்தில் அடைந்தபோது, ஐயரவர்கள் அன்னையைப் பிரிய நேர்ந்தது. ஆசிரியரின் அன்புக்குக் குறைவில்லை. எனினும் அக்காலச் சாதி வழக்கம் இருவரையும் ஒரே பந்தியில் உண்ணவிடவில்லை. மாணவர் பிறிதோரிடம் சென்று பசியாறினார். பின்னர் அம்மை கண்டபோது அவரைச் சூரியமூலைக்கே கொண்டு சென்றனர். நோயுற்ற பிள்ளை நாடும் இடம் வேறு யாது?

1876இல் ஆசிரியர் மறைந்தார். 1880இல் தியாகராச செட்டியாரின் முயற்சியால், கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் ஐயரவர்கள் தமிழாசிரியரானார். குடும்பம் நிலைகொண்டது. வியப்பு யாதெனின், அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவ, அவருடைய இரண்டாம் அலைவு தொடங்கிற்று. ஏடு தேடி ஊர்தோறும் நடந்தார். கரிவலம்வந்தநல்லூரில் பழைய சுவடிகள் தீயிலிடப்பட்டன என்ற செய்தி கேட்டு மனம் நொந்தார். ஆயினும் கால் ஓயவில்லை. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன.

முதல் அலைவு வறுமையால் நேர்ந்தது. இரண்டாவது விரும்பி ஏற்றது. அறியாத ஊரில் புகுந்து, அறியாதவர் திண்ணையில் அமர்ந்து, இன்சொல்லால் ஏடு பெறும் பழக்கத்தை முதல் அலைவே அளித்தது. திரும்பிவர ஓர் அடுப்பு எரிகின்றது என்ற உறுதி இரண்டாவதைத் தாங்கிற்று.

முதுமையிலும் பெயர்வு அவரை விடவில்லை. போர் அச்சத்தால் சென்னையை நீங்கித் திருக்கழுக்குன்றம் சென்றவர், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

ஆசிரிய நண்பர்களே! நடுத்தவணையில் வரும் பிள்ளையை மந்தமென்று கடைசி வாங்கில் இருத்தாதீர்கள். முன்னைய ஆசிரியர் எந்நூலை எதுவரை கற்பித்தார் என்று கேளுங்கள். விட்ட இடத்தினின்றும் தொடங்குங்கள். சடகோபையங்கார் முதல் விருத்தாசல ரெட்டியார் ஈறாக நால்வரும், வந்த சிறுவரை வந்த நிலையிலேயே ஏற்றுக்கொண்டனர். அதனாலன்றோ நமக்குப் புறநானூறு கிடைத்தது!